கடவுச்சீட்டைக் கொடுத்து வாங்கிய சட்டை

இந்தியக் கால்பந்து அணியின் சட்டையைப் போடுவதற்காகத் தன் பிறந்த நாட்டின் குடியுரிமையையே விட்டுக்கொடுத்தவர் அராட்டா இசுமி. 1982 ஜூலை 31 அன்று ஜப்பானின் ஷிமொனொசெக்கி துறைமுக நகரில் பிறந்தார். தாய் ஜப்பானியர், தந்தை இந்தியர். நீல்காந்த் கம்போல்ஜா என்று அவருக்கு இந்தியப் பெயரும் உண்டு. சிங்கப்பூரின் ஜூரோங் பகுதியில் ஆடிவந்த ஜப்பானியக் கிளப்பான அல்பிரெக்ஸ் நீகாட்டாவில் 2005இல் ஆடினார். அடுத்த ஆண்டு கொல்கத்தா ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். அங்கிருந்து மும்பை மகிந்திரா யுனைடெட், பிறகு 2009 முதல் புனே எஃப்.சி. இத்தனை இடத்திலும் அவர் 'ஃபாரின் கோட்டா' ஆட்டக்காரர்தான். நடுக்களத்தில் ஓயாமல் ஓடுவார், பந்தை வீணாக்கமாட்டார், நடுவரோடு மல்லுக்கு நிற்கமாட்டார். புனே ரசிகர்களுக்கு அவர் நம்ம பையன், சட்டத்துக்கு வெளிநாட்டவர்.

அந்த முரண்பாட்டை அவரே தீர்த்துவைத்தார். ஜப்பானியக் கடவுச்சீட்டைத் துறந்து இந்தியக் குடிமகனானார். 2013 பிப்ரவரி 6 அன்று கொச்சி நேரு மைதானத்தில் பாலஸ்தீனத்துக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் இந்தியாவுக்காக இறங்கினார். இந்தியா 2-4 என்று தோற்றது. அப்போது அவருக்கு வயது 30. அதன் பிறகு இந்தியாவுக்கு அவர் ஆடிய ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கோல் எதுவும் இல்லை.

வெளிநாட்டில் பிறந்த இந்திய வம்சாவளியினரை அழைத்துவந்தால் நம் கால்பந்து நிமிர்ந்துவிடும் என்று ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ஒரு குரல் எழுகிறது. அந்தக் குரலைச் சோதித்துப் பார்க்க நம் கையில் இருக்கும் முழுமையான உதாரணம் அராட்டா ஒருவர்தான். ஆட்டக்காரராக வந்தார், குடிமகனானார், ஓய்வு பெற்றார், பயிற்சியாளரானார். முதலும் முடிவும் தெரிந்த கணக்கு இது. இதில் யாருக்கு என்ன வரவு என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் சட்டம். இந்திய அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் அட்டை, அதாவது ஓ.சி.ஐ. அட்டை, பெயரில் குடிமகன் என்றாலும் வாக்குரிமையும் தராது, இந்தியக் கடவுச்சீட்டும் தராது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்தான் நாட்டுக்காக விளையாடலாம் என்று 2008 இறுதியில் மத்திய அரசு கொள்கையாகவே சொல்லிவிட்டது. ஃபிஃபாவும் எந்த நாட்டுக்கு ஆடுகிறாரோ அந்த நாட்டின் குடியுரிமையைக் கேட்கிறது. ஆக, இங்கிலாந்திலோ கனடாவிலோ பிறந்த ஒரு பஞ்சாபிப் பையனோ தமிழ்ப் பையனோ இந்தியாவுக்கு ஆட நினைத்தால், வீட்டையும் வேலையையும் தந்த கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். இருபது வயதில், ஐரோப்பியக் கிளப்புகளில் இடம் தேடும் ஒருவன் அதைச் செய்வானா? செய்யமாட்டான். எதிர்காலம் கண்முன் இருப்பவனுக்கு அது பெரிய விலை.

முப்பதைத் தாண்டியவர்கள் செய்கிறார்கள். 2025 நவம்பரில் பெங்களூரு எஃப்.சி.யின் ரயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டு இந்தியரானார். பெர்த்தில் பிறந்தவர்; தாய் மும்பையில் பிறந்த ஆங்கிலோ இந்தியர்; இங்கிலாந்துக் கிளப்புகளில் பல ஆண்டு ஆடியவர்; ஆஸ்திரேலிய அணிக்காகவும் ஒருமுறை இறங்கியவர். இந்தியரானபோது அவருக்கு வயது 32. அராட்டாவுக்குப் பிறகு இந்த வழியில் வந்த அடுத்தவர் அவர்தான். இடையில் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இந்தச் சட்டம் நமக்கு ஆட்டக்காரரைத் தருகிறது, ஆனால் அவருடைய மாலைப் பொழுதில் தருகிறது.

வம்சாவளியினரை அழைக்கச் சொல்லும் குரலுக்கு வலுவான சாட்சி நம் பக்கத்து நாடுகள். முதலில் ஆப்கானிஸ்தான். திருவனந்தபுரத்துக்கு வடக்கே, கழக்கூட்டத்தை ஒட்டிய காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழக நிலத்தில் எழுந்த கிரீன்ஃபீல்டு மைதானம் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. அங்கேதான் அந்த ஆண்டின் தெற்காசியக் கால்பந்துப் போட்டி நடந்தது. 2016 ஜனவரி 3 அன்று இறுதி ஆட்டம்: இந்தியாவும் ஆப்கானிஸ்தானும். எதிரணியில் பலர் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் வளர்ந்தவர்கள், போரால் சிதறிய குடும்பங்களின் பிள்ளைகள். 70ஆவது நிமிடத்தில் ஜெர்மனியில் வளர்ந்த சுபைர் அமிரி ஆப்கானிஸ்தானை முன்னிலைக்குக் கொண்டுபோனார். இரண்டே நிமிடத்தில் இந்தியாவின் ஜேஜே சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி அடித்த கோலில் இந்தியா 2-1 என்று ஏழாவது முறையாகக் கோப்பையை வென்றது. வெற்றி வெற்றிதான். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், அராட்டா இந்தியச் சட்டை அணிந்த அதே 2013இல், காத்மாண்டு இறுதி ஆட்டத்தில் அதே ஆப்கானிஸ்தான் இந்தியாவை 2-0 என்று வீழ்த்தியிருந்தது. உள்நாட்டில் ஒழுங்கான லீக் நடத்துவதே பெரும்பாடாக இருந்த நாடு, புலம்பெயர்ந்த பிள்ளைகளின் காலால் தெற்காசியாவின் சாம்பியனானது.

வங்கதேசம் அடுத்த சாட்சி. டென்மார்க்கில் பிறந்த ஜமால் புயான் அங்கே பல ஆண்டு கேப்டன். 2025 மார்ச் 25 அன்று ஷில்லாங்கில் இந்தியாவுக்கு எதிராக அறிமுகமானார் ஹம்சா சௌத்ரி. லெஸ்டர் சிட்டியோடு எஃப்.ஏ. கோப்பை வென்றவர். அந்த ஆட்டம் கோலின்றி முடிந்தது. அதே ஆண்டு நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசம் 1-0 என்று வென்றது. இந்தியாவை அவர்கள் வெல்வது 22 ஆண்டுகளுக்குப் பிறகு. இலங்கையும் ஐரோப்பாவில் பிறந்த பிள்ளைகளைத் தேடிப் பிடித்துச் சேர்க்கிறது. அவர்கள் இரட்டைக் குடியுரிமைக்கு இடம் கொடுத்திருப்பதால் பையன்களிடம் பெரிய தியாகத்தைக் கேட்க வேண்டியதில்லை. நம் வாசகர்களுக்கு இன்னொரு பெயரும் தெரிந்திருக்கும்: ஈழத்துப் பெற்றோருக்கு வேல்ஸில் பிறந்து, பார்ன்ஸ்லி கிளப்புக்கு ஆடும் விமல் யோகநாதன். அவர் வேல்ஸின் இளையோர் அணிகளில் ஆடியவர். தமிழ்க் குடும்பங்களிலிருந்து இன்னும் பலர் அந்த வழியில் வருவார்கள்.

இந்தப் பாதைக்கு ஒரு படுகுழியும் உண்டு. 2025 செப்டம்பரில் மலேசியாவின் ஏழு ஆட்டக்காரர்களை ஃபிஃபா தண்டித்தது. தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்ததாகக் காட்டிய ஆவணங்கள் போலி என்பது குற்றச்சாட்டு. ஆட்டக்காரரை வளர்ப்பதற்குப் பதில் சான்றிதழை வளர்த்தால் இப்படித்தான் முடியும்.

இகோர் ஸ்டிமாச் இந்தியப் பயிற்சியாளராக இருந்த காலம் முழுக்க ஓ.சி.ஐ. வீரர்களைச் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஒரு பயிற்சியாளருக்குக் கிடைப்பது வருடத்தில் சில வாரக் கேம்ப்; அதற்குள் முதல் தொடுகையைச் சொல்லிக்கொடுக்க முடியாது, தெரிந்தவனைத் தேர்ந்தெடுக்கத்தான் முடியும். ஆனால் தெரிந்தவனை எங்கிருந்து கொண்டுவந்தாலும், தெரியாதவர்களுக்குச் சொல்லித்தருவது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அராட்டா பிறந்த நாடு இதற்குச் சொன்ன பதில் கவனிக்கத்தக்கது.

ஜப்பான் வெளியாரைச் சேர்க்கத் தயங்கவில்லை. பிரேசிலில் பிறந்த ருய் ராமோஸ் 1989இல் ஜப்பானியக் குடிமகனாகி தேசிய அணியின் மையமானார். 1998 உலகக் கோப்பை அணியில் வாக்னர் லோபஸ் இருந்தார். அதே நேரத்தில் ஜப்பான் இன்னொரு வேலையையும் பிடிவாதமாகச் செய்தது. 1992இல் நெதர்லாந்துக்காரர் ஹான்ஸ் ஊஃப்டைத் தேசியப் பயிற்சியாளராக்கியது. 1993இல் ஜே லீகைத் தொடங்கியது. பயிற்சியாளர் உரிமத்தைப் படிப்படியாக, பள்ளி ஆசிரியர் வரை கொண்டுபோனது. ஊஃப்ட் தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவர், அப்போது பெரிய பெயர் இல்லாத ஹஜிமே மொரியாசு. 1993 அக்டோபர் 28 அன்று தோஹாவில், இராக்குக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் கோல் வாங்கி உலகக் கோப்பை வாய்ப்பை இழந்த ஜப்பான் அணியில் ராமோஸும் மொரியாசுவும் சேர்ந்தே நின்றார்கள்.

மொரியாசுவின் பின்கதைதான் எனக்கு முக்கியம். 2003 பருவத்தோடு ஆட்டத்தை நிறுத்தினார். உடனே யாரும் அவரிடம் பெரிய அணியைத் தூக்கிக் கொடுக்கவில்லை. ஹிரோஷிமாவில் உதவியாளர், 20 வயதுக்குட்பட்டோர் அணியில் உதவியாளர், அல்பிரெக்ஸ் நீகாட்டாவில் உதவியாளர் என்று எட்டு ஆண்டு அடுத்தவர் பக்கத்தில் நின்று கற்றார். அராட்டா சிங்கப்பூரில் ஆடிய அணியின் தாய்க் கிளப்தான் இந்த நீகாட்டா. 2012இல் சான்ஃப்ரெச்சே ஹிரோஷிமாவின் தலைமைப் பயிற்சியாளரானார். 2012, 2013, 2015 என மூன்று முறை ஜே லீக் பட்டம். 2018இல் தேசிய அணி அவர் கைக்கு வந்தது. 2022 உலகக் கோப்பையில் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் ஜப்பான் வென்றது. இடம் கத்தார். அவர் ஆட்டக்காரராகத் தோற்றுப்போன அதே நாடு.

இவ்வளவுக்கும் 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் இந்தியா ஆப்கானிஸ்தானை 3-0 என்று வென்று இறுதிக்குப் போய்த் தங்கம் வாங்கியது. 1962 ஜகார்த்தாவில் மறுபடி தங்கம்; வழியில் ஜப்பானுக்கு 2-0 தோல்வி. அந்த இந்திய அணியை உருவாக்கியவர் சையது அப்துல் ரஹீம் என்ற ஹைதராபாத் பள்ளி ஆசிரியர். 1963இல் அவர் இறந்தார். அவருடைய அறிவைக் கைமாற்ற நம்மிடம் எந்த அமைப்பும் இருக்கவில்லை. என் கணக்கில் இந்தியக் கால்பந்தின் சரிவு அங்கேதான் தொடங்குகிறது. ஆட்டக்காரர்கள் அதற்குப் பிறகும் வந்தார்கள்.

கேரளத்தில் இந்தச் சரிவுக்கு ஒரு தனி வடிவம் உண்டு, அது கொஞ்சம் சுகமான வடிவம். திருவனந்தபுரம் வட்டாரத்தில் கால்பந்து என்றால் அலுவலகக் கால்பந்து. ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவிதாங்கூர், வேளியிலுள்ள திருவிதாங்கூர் டைட்டானியம், மின்வாரியம், கேரளப் போலீஸ், ஏஜீஸ் அலுவலகம். பொழியூரின் மணலில் வெறுங்காலோடு ஆடிய மீனவர் வீட்டுப் பையனுக்குக் கால்பந்து ஒரு அரசு வேலையைத் தந்தது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கடலுக்குப் போன அப்பா திரும்புவாரா என்று காத்திருந்த வீடுகளில் மாதச் சம்பளம் பெரிய விஷயம். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியில் ஆடினால் வேலை, வேலை கிடைத்தால் கல்யாணம். ஆனால் முப்பத்தைந்து வயதில் ஆட்டம் முடிந்ததும் அந்த மனிதர் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தார், அல்லது ஸ்டேஷனில் ஏட்டானார். பதினைந்து ஆண்டு ஆட்ட அறிவு ரிஜிஸ்தருக்குள் போய் மூடிக்கொண்டது. பயிற்சி லைசென்ஸ் எடுக்க அவருக்குத் தேவையும் இல்லை, லீவும் இல்லை. 2017 ஏப்ரலில் திருவிதாங்கூர் வங்கி பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தபோது அந்தப் பெயரே போய்விட்டது.

விதிவிலக்குகள் இருக்கின்றன, அவை சொல்வதும் இதைத்தான். ராணுவ அணியிலும் கோவா, மும்பை அணிகளிலும் ஆடிய டி.கே. சாத்துண்ணி பயிற்சிக்கு வந்ததால்தான் 1990இல் கேரளப் போலீஸுக்குக் கூட்டமைப்புக் கோப்பையும், 1997-98இல் மோகன் பாகானுக்குத் தேசிய லீகும் கிடைத்தன. சென்னையில் இந்தியன் வங்கிக்கு ஆடிய சையது சபீர் பாஷா, பின்னாளில் சென்னையின் எஃப்.சி.யில் உதவிப் பயிற்சியாளராக இருந்து, நெருக்கடியில் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். 2018இல் கொல்கத்தாவில் வங்காளத்தைப் பெனால்டியில் வென்று, 14 ஆண்டுக்குப் பிறகு சந்தோஷ் டிராபியைக் கேரளத்துக்குக் கொண்டுவந்தவர் சதீவன் பாலன். 2022இல் மஞ்சேரியில் அதே எதிரணியை அதே பெனால்டியில் வென்றார் பினோ ஜார்ஜ். தேசிய அணியைப் பாருங்கள். குவைத்தில் பிறந்து மகிந்திராவில் ஆடிய காலித் ஜமீல், 2016-17இல் ஐஸ்வால் என்ற சின்ன ஊர் அணியை ஐ லீக் சாம்பியனாக்கினார். ஆனாலும் தேசிய அணி அவரிடம் வந்தது 2025 ஆகஸ்ட்டில்தான். சாவியோ மெடெய்ராவுக்குப் பிறகு 13 ஆண்டு அந்த நாற்காலியில் வெளிநாட்டவரே இருந்தார்கள்.

அராட்டாவிடம் திரும்புவோம். அவருக்குப் பின்னால் எந்த வங்கியும் இல்லை, எந்தப் போலீஸ் வேலையும் இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த ஒப்பந்தம், அவ்வளவுதான். 2015இல் அட்லெடிகோ டி கொல்கத்தா. அந்த அணியை அரையிறுதியில் வெளியேற்றியது நம் சென்னையின் எஃப்.சி.; வெள்ளத்தில் சென்னை மூழ்கியதால் முதல் ஆட்டத்தைப் புனேயில் வைத்தார்கள். 2016இல் எஃப்.சி. புனே சிட்டி. 2017-18இல் கேரளா பிளாஸ்டர்ஸ்; இந்தியச் சட்டையை முதலில் போட்ட அதே கொச்சி மைதானத்தில் மஞ்சள் சட்டையில். இந்தியக் குடிமகனானதால் அவர் 'ஃபாரின் கோட்டா' கணக்கில் வரவில்லை. அந்த லாபம் கிளப்புகளுக்கும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர் செய்தது தியாகம் மட்டும், தொழில் கணக்கே இல்லை என்று எழுதுவது அவரைப் படத்தில் மாட்டிவைக்கும் வேலை. தொழில்முறை ஆட்டக்காரர் தொழிலையும் பார்ப்பார்.

ஆட்டம் முடிந்ததும் அவர் ஜப்பானுக்குத் திரும்பவில்லை. நவி மும்பையில் ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் யங் சாம்ப்ஸ் அகாடமியில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். 2022இல் கோவாவில் தொடங்கிய டெவலப்மென்ட் லீகில், இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கிளப்புகளின் இளையோர் அணிகளுக்கு எதிராக அந்த அகாடமி அணியை நடத்தினார். எதிரணிகளில் பலர் மூத்த அணியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள். அவருடைய பையன்கள் அகாடமி விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். அந்த வேலைக்குக் கூட்டம் வராது, விளம்பரம் வராது. ஆனால் ஒரு சர்வதேச ஆட்டக்காரர் தினம் காலையில் பதினைந்து வயதுப் பையனிடம், பந்து வருவதற்கு முன்பே தோளைத் திருப்பிப் பார், எந்தக் காலில் வாங்கப் போகிறாய் என்று முடிவு செய் என்று சொல்லிக்கொண்டிருப்பது நம் நாட்டில் அரிது. ஜப்பானில் அது ஊருக்கு ஊர் நடக்கிறது.

அராட்டாவைப் போலவே இந்தியாவில் பல ஆண்டு ஆடிய இன்னொரு ஜப்பானியர் கட்சுமி யூசா. மோகன் பாகானோடு 2014-15 ஐ லீகை வென்றார். 2019-20இல் கோயம்புத்தூரில் சென்னை சிட்டி எஃப்.சி.க்கும் ஆடினார். கோவை ரசிகர்கள் அவரை மறந்திருக்கமாட்டார்கள். 2010-11இல் சால்கோக்கர் ஐ லீகை வென்றபோது அந்த அணியில் ஜப்பானியர் ரியூஜி சுயேஓகா இருந்தார். இவர்களெல்லாம் வந்தார்கள், நன்றாக ஆடினார்கள், போனார்கள். பயிற்சியாளராக இங்கேயே தங்கவைக்க நாம் யாரையாவது கேட்டோமா? அராட்டா தங்கியதற்குக் காரணம் அவர் குடும்பமும் அவர் முடிவும். நம் திட்டத்துக்கு அதில் பங்கில்லை.

கணக்கை முடித்துவிடலாம். இந்தியச் சட்டையில் அராட்டா தந்தது ஒரு சில ஆட்டங்கள். முடிவுகளை அவை பெரிதாக மாற்றவில்லை. குற்றம் அவருடையதல்ல, முப்பது வயதில் அழைத்தால் அவ்வளவுதான் கிடைக்கும். பயிற்சியாளராக அவர் தருவது வருடா வருடம் ஒரு தொகுதிப் பையன்கள். ஓ.சி.ஐ. சட்டத்தைத் திருத்தச் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இருபது வயதில் ஒரு விமலோ ஒரு ஹம்சாவோ வருவதானால் வரட்டும், பக்கத்து நாடுகளுக்கு அதனால் வந்த லாபம் கண்முன் இருக்கிறது. ஆனால் அதற்கு நாடாளுமன்றம் வேண்டும், வெளியுறவுத் துறை வேண்டும், உள்துறை வேண்டும். ஓய்வு பெற்ற ஆட்டக்காரரைப் பயிற்சியாளராக்க இவை எதுவும் வேண்டாம். டி, சி, பி, ஏ, ப்ரோ என்று லைசென்ஸ் படிகள் ஏற்கெனவே இருக்கின்றன. வேண்டியது நேரமும் பணமும் புரிகிற மொழியும்.

அதற்குக் கழக்கூட்டத்தை விடப் பொருத்தமான இடம் தெற்கே குறைவு. காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி 1985 முதல் இருக்கிறது. களம், விடுதி, ஆசிரியர்கள் எல்லாம் ஒரே வளாகத்தில். பக்கத்துக் கிரீன்ஃபீல்டில் 2017 நவம்பரில் நியூசிலாந்தோடு எட்டு ஓவர் டி20 நடந்ததிலிருந்து அது கிரிக்கெட் மைதானமாகவே ஆகிவிட்டது. 2023 ஜனவரியில் இந்தியா இலங்கையை 317 ரன் வித்தியாசத்தில் வென்றதும் அங்கேதான். அதைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போடுவதில் பயனில்லை. ஐம்பதாயிரம் பேர் உட்காரும் மைதானம் பயிற்சிக்குத் தேவையும் இல்லை. தெற்கே பொழியூர், அதைத் தாண்டினால் நம் குமரிக் கரை: கொல்லங்கோடு, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை. ஐ.எஸ்.எல். ஆடிய மைக்கேல் சூசைராஜ் பிறந்த கரை அது. மலையாளமும் தமிழும் கலந்து பேசும் இந்தக் கடற்கரையில் சந்தோஷ் டிராபி ஆடி ஓய்ந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். மாலையில் பையன்களுக்கு இலவசமாகச் சொல்லித்தருகிறவர்களும் இருக்கிறார்கள். கையில் லைசென்ஸ் இல்லாததால் எந்தக் கிளப்பும் அவர்களை அழைப்பதில்லை.

கேரளக் கால்பந்துச் சங்கமும் தமிழ்நாடு கால்பந்துச் சங்கமும் சேர்ந்து, வருடத்தில் இரண்டு முறையாவது காரியவட்டத்தில் டி, சி லைசென்ஸ் வகுப்புகளை மலையாளத்திலும் தமிழிலும் நடத்த வேண்டும். மீன்பிடித் தடைக்காலமான ஜூன், ஜூலையில் ஒன்றை வைத்தால் கரையிலிருந்து வருவதற்கு ஆளுக்குப் பஞ்சம் இருக்காது. கட்டணத்தைப் பக்கத்திலுள்ள டெக்னோபார்க் மென்பொருள் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து கேட்கலாம். அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் மாலையில் அணிக்கு ஏழு பேராகச் செவன்ஸ் கால்பந்து ஆடுகிறவர்கள்தான், கேட்டால் புரியும். அடுத்த பருவம் தொடங்கும் முன் முதல் வகுப்பை அறிவியுங்கள்.